கரைந்துபோகும் சாரம்

தோலுக்கு உறுதி தருவது கொலாஜன் என்னும் புரதம். கயிறு திரித்தாற்போல மூன்று இழைகள் முறுக்கிக்கொண்ட அதன் வடிவத்தை, கங்காரு வாலின் தசைநாணை எக்ஸ் கதிரால் ஆராய்ந்து 1954-55-இல் வெளியிட்டவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும்.

சென்னைப் புறநகரில் பொழிச்சலூரை அடுத்த பம்மல், நாகல்கேணி, குரோம்பேட்டைப் பகுதியில் பதனிடப்பட்டு வந்ததும் இதே புரதம்தான். குரோம்பேட்டையின் பெயரிலேயே இருக்கும் குரோமிய உப்பு கொலாஜன் இழைகளைக் குறுக்கே பிணைத்துவிடுகிறது. பிறகு கிருமிகளால் அதை எளிதில் செரிக்க முடிவதில்லை. முன்னாளில் ஆவாரம்பட்டை இந்த வேலையைச் செய்தது.

காயத்துக்கான செயற்கைத் தோலோ கரைந்தாக வேண்டும். ஆழமான தீக்காயத்தில் உள்தோல் போய்விட்டால் அது தானே பழையபடி வளராது. புண் சுருங்கி, தழும்பு மூட்டை இழுத்துப் பிடிக்கும். அமெரிக்காவில் ஜான் பர்க், அயோனிஸ் யன்னாஸ் இருவரும் மாட்டுக் கொலாஜனையும் சுறாக் குருத்தெலும்பிலிருந்து எடுத்த சேர்மத்தையும் கொண்டு பஞ்சு போன்ற தாள் செய்து, மேலே சிலிக்கோன் படலம் ஒட்டி, 1981-இல் அதன் பலனை அறிவித்தனர். கட்டட வேலைக்குக் கட்டும் சாரம் போன்றது அது. அதன் துளைகளில் நோயாளியின் செல்களும் ரத்தக் குழாய்களும் ஏறிப் புது உள்தோலைக் கட்டுகின்றன. சாரம் மெல்லக் கரைகிறது. முந்திக் கரைந்தால் செல்களுக்குப் பிடிமானம் இல்லை. கரையாமல் நின்றால் தழும்பு. இந்த வேகத்தை நிர்ணயிப்பதில் குறுக்குப் பிணைப்பின் அளவுக்குப் பெரும் பங்கு உண்டு. தோல் பதனிடுவோர் தலைமுறைகளாகக் கையாண்ட வேதியியலைத்தான் இங்கே அளந்து அளந்து பயன்படுத்துகிறார்கள்.

அடையாறில் 1948-இல் தொடங்கிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் காயத்துக்கான கொலாஜன் உறைகளை உருவாக்கியிருக்கிறது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனம் பன்றியின் பித்தப்பையிலிருந்து செல்களை நீக்கி எடுத்த சாரத்துக்கு 2023-இல் மத்திய அரசின் ஒப்புதல் கிடைத்தது. இறக்குமதித் தாள்கள் ஏழைக்கு எட்டாத விலையில் இருக்கையில் இத்தகைய முயற்சிகள் ஒவ்வொரு தீக்காய வார்டுக்கும் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். பதனிடுமுன் வெட்டி எறியும் விளிம்புத் துண்டுகளிலும் குரோமியம் படாத கொலாஜன் இருக்கிறது. அதைக் குப்பையாக்குவது பெரும் வீண்.

மேல்தோல் தனியே வளர்க்கப்படுகிறது. 1975-இல் ஆய்வாளர்கள் ரைன்வால்டும் கிரீனும் கண்ட வழியில், சிறு துண்டுத் தோலின் செல்கள் சில வாரங்களில் விரிந்த படலமாகின்றன. படலம் மெல்லியது, உள்தோல் இல்லாத புண்ணில் எளிதில் பற்றாது. ஆகவே முதலில் சாரம், பின்னர் மேல்தோல். இப்படி ஆறிய தோலில் மயிர்க்கால் இல்லை, வியர்வைச் சுரப்பியும் இல்லை. உடலின் பெரும்பகுதி வெந்து பிழைத்தவருக்குச் சித்திரை வெயிலில் உடற்சூடு எளிதில் தணியாது. ஆய்வாளர்கள் இப்போது முயல்வது அந்தச் சுரப்பிகளை வளர்த்தெடுக்கத்தான்.