பத்து மணிக்கு மேல் பாரதம்

பி ஷிப்ட் இரவு பத்து மணிக்கு விடும். கை கால் கழுவி, கார்டு தேய்த்து, வண்டியை எடுத்துக்கொண்டு ஊர் வந்து சேரப் பத்தே முக்கால் ஆகிவிடும். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை, வண்டியில் காலி டிபன் கேரியர், சட்டையில் இரும்புத்தூள் வாசனை. அந்தக் கோலத்தோடு நேராகத் திரௌபதி அம்மன் கோயில் திடலுக்கு வந்து உட்காருகிற முப்பது நாற்பது பேர்தான் இன்றைக்கு எங்கள் ஊர்க் கூத்துக்குச் சபை. மற்றவர்களில் பாதிப்பேர் பதினொன்றரைக்கே பாயைச் சுருட்டிவிடுவார்கள்.

நான் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் உருட்டாலையில் எலெக்ட்ரீஷியன். 26 வருஷ சர்வீஸ். ஊரில் பாரதம் நடக்கிற பத்து நாளும் லைட், மைக், ஜெனரேட்டர் மூன்றும் என் பொறுப்பு. கூலி கிடையாது. விழா வரியில் பாதி தள்ளுபடி, அவ்வளவுதான்.

பட்டணத்தில் நாட்டுப்புறக் கலை விழா என்று பேனர் கட்டுவார்கள். நாங்கள் ‘பாரதம் வைக்கிறோம்’ என்போம். திருவள்ளூர், காஞ்சிபுரம், செய்யாறு, செஞ்சி, அந்தப் பக்கம் ஆந்திராவில் சித்தூர், புத்தூர் வரைக்கும் பங்குனி தொடங்கி ஆடி முடிய ஏதாவது ஓர் ஊரில் பாரதம் நடந்துகொண்டே இருக்கும். செஞ்சிக்குப் பக்கத்து மேலச்சேரிதான் திரௌபதி அம்மனுக்குத் தாய்வீடு என்பார்கள். மதியம் பிரசங்கியார் வில்லிபுத்தூரார் பாரதத்தைப் பாட்டாகப் பாடி அர்த்தம் சொல்வார். வில்லி பாரதம் பத்துப் பருவம், 4,300-க்கும் மேற்பட்ட பாட்டு. மதியம் அவர் சொல்லிய கதையை ராத்திரி கூத்துக்காரர்கள் ஆடிக் காட்டுவார்கள். வில் வளைப்பு, சுபத்திரை கல்யாணம், பகடை துகில், அர்ச்சுனன் தபசு, கிருஷ்ணன் தூது, அபிமன்னன் சண்டை, கர்ண மோட்சம் என்று ஒரு ராத்திரிக்கு ஒரு கதை. கடைசி நாள் காலை படுகளம், சாயங்காலம் தீமிதி. படுகளத்துக்குத் துரியோதனனை மண்ணால் மல்லாந்து படுத்த கோலத்தில் செய்து, பீமன் வேஷக்காரர் தொடையில் அடிப்பார். அடித்து முடித்ததும் அந்த மண்ணில் ஒரு பிடி அள்ளி வீட்டுக்கு எடுத்துப் போகிறவர்களை இன்றும் பார்க்கலாம். முன்பு நெல் குதிருக்குள் போடுவார்கள். இப்போது குதிர் எங்கே இருக்கிறது? என் வீட்டில் அரிசி டிரம்முக்கு அடியில் இருக்கிறது.

எங்கள் ஊரில் முன்பு பதினெட்டு நாள் நடந்ததைப் பத்தாகக் குறைத்துவிட்டோம். காரணம் பக்தி குறைந்ததல்ல, லீவு இல்லை. தீமிதி ஞாயிற்றுக்கிழமை வரும்படி பின்னாலிருந்து எண்ணித்தான் காப்புக் கட்டும் நாளைக் குறிக்கிறோம். பஞ்சாங்கத்தோடு கம்பெனி காலண்டரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாள் பார்க்கிற ஊர் எங்களுடையது.

விழா நடத்துவதென்றால் முதலில் தலைக்கட்டு வரி, அப்புறம் கூத்துக் குழுவுக்கு, எங்கள் பாஷையில் செட்டுக்கு, தாம்பூலம். நல்ல செட்டுக்குத் தை மாசமே வெற்றிலை பாக்கும் முன்பணமும் வைத்துவிட வேண்டும். பத்துப் பதினைந்து ஆள் வருவார்கள். வேஷக்காரர்கள் தவிர ஆர்மோனியம், மிருதங்கம், தாளம், கிடைத்தால் முகவீணை. ‘கிடைத்தால்’ என்று தெரிந்துதான் எழுதுகிறேன். நாயனத்தைச் சுருக்கிப் பிடித்த மாதிரி, ஒரு சாணுக்குக் கொஞ்சம் மேல் நீளம் இருக்கிற அந்த வாத்தியம் கூத்தின் குரல்வளை. அதை ஊத ஆள் அருகிவிட்டதால் பல செட்டுகள் ஆர்மோனியத்தோடு ஒப்பேற்றுகின்றன. முகவீணை இருக்கிற செட்டு என்றால் கூடுதலாகக் கேட்டாலும் நான் கமிட்டியில் சண்டை போட்டு வாங்கித் தருவேன்.

பணத்தைவிடச் சிக்கலான கேள்வி ஒன்று உண்டு. ‘ஊர்’ என்றால் யார்? வரி நோட்டில் ரொம்ப வருஷம் காலனி வீடுகளின் பேரே கிடையாது. வரி வாங்கினால் உரிமை கொடுக்க வேண்டுமே, அதற்காகத்தான். பெரிய மனுஷத்தனம் போல ‘அவங்ககிட்ட ஏன் வாங்கணும்’ என்று பேசுவார்கள். 2023 ஜூனில் விழுப்புரம் பக்கம் மேல்பாதி திரௌபதி அம்மன் கோயிலில் பட்டியல் சாதி மக்களை உள்ளே விடுவதில் தகராறாகி, அரசாங்கமே கோயிலைப் பூட்டி சீல் வைத்தது. அந்தச் செய்தி வந்த வாரம் எங்கள் கமிட்டி கூடியது. நடந்ததை முழுக்க எழுதினால் ஊரில் எனக்குப் பேச்சு வார்த்தை இருக்காது. நோட்டில் இப்போது காலனிப் பேர்கள் இருக்கின்றன. திடலில் யார் எங்கே உட்காருகிறார்கள் என்பது இன்னும் முழுசாக மாறவில்லை.

இனி என் இலாகாவுக்கு வருகிறேன். கூத்து ராத்திரி பத்துக்குத் தொடங்கும். சட்டம் ராத்திரி பத்தோடு முடியும். ஒலி மாசு விதிகள், 2000-ன்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. கலை, சமய விழாக்களுக்காக மாநில அரசு வருஷத்தில் அதிகபட்சம் 15 நாளுக்கு நள்ளிரவு 12 வரை தளர்த்தலாம். அதே விதிகளில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. தொழிற்பேட்டையில் பகலில் 75, இரவில் 70. எட்டு மணி நேரம் காதடைப்பான் மாட்டிக்கொண்டு வேலை செய்துவிட்டு வருகிற எனக்கு இந்த எண்களைப் படித்தால் சிரிப்புத்தான் வரும். ஆனால் விதி நியாயமானது. திடலுக்குப் பின் வீட்டில் பரீட்சைக்குப் படிக்கிற பெண் இருக்கிறாள். அவளுக்குத் துரியோதனன் வரவை விடக் கணக்குப் பாடம் முக்கியம்.

ஒரு வருஷம் அனுமதி பன்னிரண்டோடு நின்றுவிட்டது. நானே போய் ஆம்பிளிஃபையரை அணைத்தேன். ஆதியில் கூத்துக்கு ஏது மைக், ஆயிரம் பேருக்குக் குரலாலேயே பாடினவர்கள்தானே என்று எனக்குள் ஒரு பெருமிதம். நடந்தது வேறு. இளவட்ட வேஷக்காரர்களின் குரல் ஐந்தாவது வரிசை தாண்டவில்லை. மைக்குக்குப் பாடியே பழகிய தொண்டை. பின்னால் இருந்தவர்கள் எழுந்து போனார்கள். செட்டை நடத்துகிற வாத்தியாருக்கு வயசு அறுபதுக்கு மேல். அவர் பாட்டு மட்டும் டீக்கடை வரை கேட்டது. முகவீணை ஏரிக்கரை தாண்டிப் போனது. மிச்சமிருந்தவர்கள் பாயை இழுத்துக்கொண்டு களரியைச் சுற்றி நெருங்கி உட்கார்ந்தார்கள். அதிலிருந்து நான் ஒலிபெருக்கிகளைத் திடலுக்கு வெளியே திருப்பிக் கட்டுவதில்லை. இரண்டே பெட்டி, உள்பக்கம் பார்த்து, தாழ்வாக. பன்னிரண்டு அடித்தால் அதுவும் இல்லை. எங்கள் ஊரில் பாதிப்பேருக்கு இதில் வருத்தம்தான். பக்கத்து ஊருக்குக் கேட்காவிட்டால் அது என்ன திருவிழா என்பார்கள்.

லைட்டிலும் ஒரு பாடம் உண்டு. வேஷக்காரர்கள் தலையிலும் தோளிலும் மாட்டுகிற கட்டைகள் கல்யாண முருங்கை மரத்தில் செய்தவை, கனம் தெரியாது. மேலே கண்ணாடிச் சில்லும் ஜிகினாவும் ஒட்டியிருக்கும். பெட்ரோமாக்ஸ் காலத்துக்காகச் செய்த அலங்காரம் அது. விளக்கு ஆடினால் கிரீடமும் ஆடும். நான் புதுசாக எல்.இ.டி. ஃபோகஸ் வாங்கிப் போட்ட வருஷம் வாத்தியார் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, “இன்னாப்பா, ஆஸ்பத்திரி மாரி கீது” என்றார். இப்போது மேலே ஒரு வெள்ளை விளக்கு, கீழே இரண்டு பக்கமும் மஞ்சள் பல்பு.

பார்க்க வருகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதும் கொஞ்சம் இருக்கிறது. மதியம் தூங்கிவிட்டு வாருங்கள். நாற்காலி தேடாதீர்கள். சாக்கோ பாயோ விரித்து, வாத்தியக்காரர்களின் பெஞ்சுப் பக்கமாக உட்காருங்கள். பாட்டுப் புரியவில்லையே என்று பயப்பட வேண்டாம். பாடினதையே வசனத்தில் திரும்பச் சொல்வார்கள், அதையும் விட்டால் கோமாளியான கட்டியங்காரன் நக்கலாகக் கேட்டு நமக்கு விளக்கிவிடுவான். முதல் ஒரு மணி நேரம் கடவுள் வாழ்த்தும் வரவுமாக மெதுவாகத்தான் போகும். அதைப் பார்த்துவிட்டுக் கிளம்புகிறவர்கள் பந்தியில் இலை போட்டதும் எழுந்து போகிறவர்கள். சமாச்சாரம் இரண்டு மணிக்கு மேல்தான். பகடை துகில் அன்று துச்சாதனன் வேஷக்காரர் சேலையைத் தொடுவதற்கு முன் அம்மனுக்குக் கற்பூரம் ஏற்றி மன்னிப்புக் கேட்பார். அந்த நேரம் செல்போன் வெளிச்சத்தை அவர் முகத்தில் அடிக்காதீர்கள். அன்பளிப்புக் கொடுப்பதென்றால் கதை நிற்கும்போது கொடுங்கள். ‘இன்னார் 101 ரூபாய்’ என்று பேர் வாசிக்கச் சொல்லிக் கர்ணன் சாவை நிறுத்துகிற பழக்கத்தை நான் மைக்கை அணைத்தே ஒழித்திருக்கிறேன்.

சென்னையிலும் இதையெல்லாம் பார்க்கலாம்தான். 2007-ல் சென்னை சங்கமம் முதல்முறை நடந்தது. இடையில் நின்றுபோய் 2023-ல் திரும்ப வந்தது. பூங்காவில் கூத்துக்கு அரை மணி நேரம் கொடுத்தால் துரியோதனனைத் திரைக்கு வெளியே கொண்டுவரவே சரியாகிவிடும். ஆனாலும் எங்கள் திடலுக்கு முதன்முதலில் வந்த காலேஜ் பிள்ளைகள் அந்தப் பூங்காவில் பார்த்துவிட்டு வந்தவர்கள்தான். 2015-ல் பெசன்ட் நகர் பக்கம் ஊரூர் ஆல்காட் குப்பத்தில் பாடகர் டி.எம்.கிருஷ்ணாவும் சூழல் ஆர்வலர் நித்தியானந்த் ஜெயராமனும் மீனவர்களோடு சேர்ந்து தொடங்கிய விழா வேறு மாதிரி. சபா வாசலைத் தாண்டாதவர்களைக் குப்பத்து மணலில் உட்கார வைத்தார்கள். கூத்தையே வீடாக வைத்திருக்கிற ஊர் பார்க்க வேண்டுமென்றால் புரிசைக்குப் போங்கள். கண்ணப்பத் தம்பிரான் பரம்பரை அங்கே இருக்கிறது. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் பெ.ராஜகோபாலும் ஹன்னே டி ப்ரூயினும் 1990-ல் தொடங்கிய கட்டைக்கூத்துச் சங்கம் பெண் பிள்ளைகளுக்கும் கூத்துச் சொல்லிக்கொடுத்தது. திரௌபதியை ஆணே ஆடிவந்த கலையில் அது சின்ன விஷயமில்லை.

பி ஷிப்ட் சபைக்குத் திரும்புகிறேன். அதில் ஊர்க்காரர்கள் பாதிதான். ஆரம்பாக்கம் பக்கமிருந்து தெலுங்கு பேசுகிறவர்கள் வருவார்கள். எங்கள் வாத்தியாரும் அவர்களுக்காகக் கட்டியங்காரன் வாயில் இரண்டு தெலுங்கு வசனம் போட்டுவிடுவார். இலங்கை அகதிகள் முகாமிலிருந்து ஒரு பெரியவர் வருஷம் தவறாமல் வருகிறார். “எங்கட பாண்டிருப்பிலயும் திரௌபதை அம்மனுக்குப் பதினெட்டு நாள் சடங்கு இருக்கு தம்பி. தீப்பள்ளயம் எண்டு சொல்லுவம்” என்று அவர் சொல்லித்தான் கல்முனைக்குப் பக்கத்தில் ஒரு பாரதம் நடப்பது எனக்குத் தெரியும். அப்புறம் எங்கள் ஆலையில் காண்ட்ராக்டில் வேலை செய்கிற ஒடிசாப் பையன்கள். பாஷை தெரியாது. ஆனால் பீமன் வந்தால் பீமன் என்று தெரிகிறது. அதில் ஒருவன் பர்கட் பக்கம். அவன் ஊரில் தனு ஜாத்திரை என்று பதினோரு நாள் விழாவாம். ஊரே மதுராவாக மாறி, கம்சன் யானைமேல் ஊர்வலம் வந்து எதிர்ப்படுகிறவர்களுக்கு அபராதம் போடுவானாம். இதையெல்லாம் அரைகுறைத் தமிழில், ரோலிங் லைன் நின்றிருந்த நேரத்தில் சொன்னான்.

போன வருஷம் பதினெட்டாம் போர் ராத்திரி. செட்டில் இரண்டு பேருக்குக் காய்ச்சல். திரை பிடிக்க ஆள் இல்லை. துரியோதனன் வரவுக்குத் திரை பிடிப்பது லேசான காரியமல்ல. உள்ளே அவன் விருத்தம் பாடிக்கொண்டிருப்பான், வெளியே திரைக்குக் கீழே சலங்கைக் கால் மட்டும் தெரியும். இருபது நிமிஷம் கை இறங்கக் கூடாது. ஊர்ப் பையன்களைக் கூப்பிட்டால் ஆளாளுக்குச் செல்போனைப் பார்த்தார்கள். பர்கட் பையன் எழுந்து வந்தான், கழுத்தில் அடையாள அட்டையோடு. ஒரு முனையை அவனும் மறுமுனையை நானும் பிடித்தோம். எனக்குப் பத்தாவது நிமிஷமே தோள் நடுங்கியது. அவன் அசையவில்லை.

இந்த வருஷம் காப்புக் கட்டிய அன்று அவனுக்கு பி ஷிப்ட். எட்டு மணிக்கு நான் ஒயர் இழுத்துக்கொண்டிருந்தபோது வந்து நின்றான். ஷிப்ட் மாற்றிக்கொண்டானாம்.

“அண்ணா, பர்தா எங்க?” என்றான்.