யப்பானியத் துப்பறியும் நாவலும் சமுதாய நோக்கும்

துப்பறியும் நாவல் வெறும் பொழுதுபோக்கு எழுத்தே என்னும் கருத்து நம் விமரிசகரிடையே வேரூன்றியுள்ளது. குற்றத்தைப் புதிராகவும் துப்பறிவோனை மேதையாகவும் காட்டும் நாவல்களுக்கு அது பெரிதும் பொருந்தும். யப்பானிய எழுத்தாளர் மற்சுமோட்டோ செய்ச்சோவின் (1909-1992) படைப்புகளை நோக்குமிடத்து, அக்கருத்தினை நாம் மீள்பரிசீலனை செய்யவேண்டியுள்ளது. வறிய குடும்பத்திற் பிறந்து, ஆரம்பக் கல்வியுடன் தொழிலுக்குச் சென்ற இவர், கொலையாளி யார் என்பதிலும் அவன் ஏன் கொன்றான் என்பதையே முதன்மைப்படுத்தினார்.

1960-61இல் நாளேட்டுத் தொடராக வெளிவந்த 'மணற் பாத்திரம்' இதற்குத் தக்க சான்றாகும். ரோக்கியோவின் கமாட்டா புகையிரதத் தரிப்பிடத்தில் முதியவர் ஒருவரின் சடலம் கிடக்கிறது. வடகிழக்குச் சாயலுடைய பேச்சும் 'கமேடா' என்ற சொல்லுமே தடயங்கள். பொலிஸ் அதிகாரி இமனிஷி மேதையல்லர். தேசப்படத்தையும் பதிவேடுகளையும் துணைக்கொண்டு பொறுமையுடன் உழைப்பவர். வடகிழக்கே அவர் மேற்கொண்ட பயணம் பயனளிக்கவில்லை. மேற்கேயுள்ள இசுமோப் பகுதியிலும் அத்தகைய உச்சரிப்பு வழங்குவதை மொழியாய்வாளர் வாயிலாக அறிகின்றார். அங்கே கமேடாக்கே என்றோர் ஊர் உண்டு. கொலையுண்டவர் முன்னர் அங்கு பொலிஸ்காரராயிருந்து, ஊர் ஊராய் அலைந்த தொழுநோயாளி ஒருவரையும் அவர் மகனையும் ஆதரித்தவர். அம்மகனே கொலையாளி; இன்று புகழ்பெற்ற இசையமைப்பாளன். ஒசாக்காவில் குண்டுவீச்சால் குடும்பப் பதிவேடுகள் எரிந்தமையைப் பயன்படுத்திப் புதிய பெயரும் குலமும் தேடிக்கொண்டவன்.

தன் தந்தையின் நோயை மறைக்க அவனை நிர்ப்பந்தித்தது யாது? நோயாளரைக் கட்டாயமாக ஒதுக்கிவைக்கும் முறையை 1931ஆம் ஆண்டுச் சட்டம் அனைவருக்கும் விரிவாக்கியது. நோயைக் குணமாக்கும் மருந்து வந்த பின்னரும் 1953ஆம் ஆண்டுச் சட்டம் அதனை நீடித்தது. குடும்பத்தினரும் சமூகத்தால் விலக்கப்பட்டனர். நாவல் வெளிவந்தபோது நடைமுறையிலிருந்த அச்சட்டம் 1996இலேயே நீக்கப்பட்டது. ஒதுக்கல் கொள்கை அரசியலமைப்புக்கு முரணானதென 2001இல் குமமொட்டோ மாவட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குடும்பத்தினர் அடைந்த இழப்புக்கு அரசு பொறுப்பென அதே நீதிமன்றம் 2019இல் கூறியது.

ஆசிரியர் கொலையை நியாயப்படுத்தவில்லை, மாண்டவர் நல்லவரே. எனினும், நாவலின் குறைபாட்டையும் நாம் சுட்டுதல் வேண்டும். நோயாளியான தந்தை பிறர் கூற்றுகளிலும் ஆவணங்களிலும் மட்டுமே தோன்றுகின்றார். அவர் குரல் ஒலிப்பதில்லை. நோய், கதை முடிச்சுக்குரிய இரகசியமாகவும் பயன்படுகின்றது. அவ்வாறாயினும், சட்டத்தின் காவலன் தேடிச்சென்ற பாதை அச்சட்டம் இழைத்த அநீதியிடமே வந்து முடிகின்றது. குற்றவாளி பிடிபடுகின்றான், சட்டமோ மேலும் முப்பத்தைந்து ஆண்டுகள் நிலைத்தது. துப்பறியும் நாவலைத் தீவிர ஆய்வுக்குரியதாக நாம் கொள்வதற்கு இதுவே போதிய காரணமாகும்.