சித்திக்கு இங்கிலீஷ்ல என்ன?

ஊட்டி பக்கம் சோலூர்ல இருந்து ஒரு நேயர் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். கனடாவுக்கு எக்ஸ்பிரஸ் என்ட்ரியில அப்ளை பண்றார். "எனக்கு ரெண்டு அண்ணன். ஒருத்தர் கூடப்பிறந்தவர். இன்னொருத்தர் பெரியப்பா பையன், இப்போ டொரன்டோல இருக்கார். ஒரே வீட்ல வளர்ந்தோம், அப்போ ரேஷன் கார்டும் ஒண்ணுதான். ரெண்டு பேரையும் பிரதர்னு போடலாமா?"

கேள்வி சின்னதா தெரியுது. ஆனா கனடாவில் குடியுரிமையோ நிரந்தரக் குடியிருப்போ உள்ள அண்ணன், தங்கை இருந்தா அந்த முறையில் 15 புள்ளி கூடுதல். அம்மா அப்பாவில் ஒருத்தராவது பொதுவா இருக்கணும்னு விதி. பெரியப்பா பையன் அதுல வரமாட்டார். தவறான தகவல் கொடுத்து புள்ளி வாங்கினதா முடிவானா 5 வருஷம் உள்ளே போக முடியாது. நம்ம மனசுல அது பொய்யே இல்ல, அண்ணனைத்தான் அண்ணன்னு சொன்னோம். அதிகாரி பார்க்கிறது ரெண்டு பிரதர், ரெண்டு அப்பா பேர்.

சரி, 'கசின் பிரதர்'? இந்தியாவுக்கு வெளியே அது குழப்பும். கசின்னு மட்டும் போட்டாலும் பெரியப்பா பையனும் மாமா பையனும் ஒண்ணாகிடுவாங்க. நமக்கு ஒருத்தர் அண்ணன், இன்னொருத்தர் மச்சான். கல்யாணப் பேச்சு வந்தா தெரியும் எவ்வளவு வித்தியாசம்னு!

என் யோசனை: உறவுப் பேரை மொழிபெயர்க்காதீங்க, அந்த உறவு வர்ற பாதையை எழுதுங்க. கோடு எழுதுறவங்களுக்குப் புரியும், லேபிளை நம்பாம கிராஃபை நம்புறது மாதிரி. 'ஃபாதர்ஸ் எல்டர் பிரதர்ஸ் சன்'. நீளம்தான், ஆனா யாரும் தப்பா படிக்க முடியாது.

நம்ம சட்டமே இப்படித்தான் எழுதுது. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்தோட அட்டவணையில் அங்கிள், ஆன்ட்டிங்கிற சொல்லே கிடையாது. உயில் எழுதாம ஒரு ஆண் இறந்து, முதல் வகுப்பு வாரிசு யாரும் இல்லைன்னா, இரண்டாம் வகுப்புக்குப் போவாங்க. அதுல 6-வது வரிசையில் அப்பாவின் விதவை, 7-ல் அப்பாவின் சகோதரர், சகோதரி, 9-ல் அம்மாவின் சகோதரர், சகோதரி. மேல் வரிசையில் ஆள் இருந்தா கீழே இருக்கிறவங்களுக்கு எதுவும் கிடைக்காது.

இப்போ 'சித்தி'யை இதுல வைங்க. அம்மாவோட தங்கைன்னா 9. அப்பாவோட ரெண்டாவது மனைவியும் சித்திதான், அப்பா இறந்திருந்தா அவங்க 6. சித்தப்பாவோட மனைவியா? அந்த உறவை வச்சு அவங்களுக்கு அட்டவணையில் இடமே இல்ல. ஒரே சொல், மூணு விதி. 'ஆன்ட்டி'ன்னு மொழிபெயர்த்த ஒரு தாளை வச்சு இதுல எதையும் பிரிக்க முடியாது.

ஜப்பான்காரங்களுக்கும் இதே தலைவலி உண்டு. 'ஓஜி'ன்னு ஒரே உச்சரிப்பு, ஆனா பெற்றோருக்கு மூத்தவர்னா ஒரு எழுத்து, இளையவர்னா வேற எழுத்து. பெரியப்பா, சித்தப்பா மாதிரியே. ஆனா அது அப்பா பக்கமா அம்மா பக்கமான்னு சொல்லாது. இங்கிலீஷ்ல மூத்தவர் இளையவர்ங்கிற அந்த வித்தியாசமும் போயிடும்.

ரேஷன் கார்டுக்கு வருவோம். பேரு குடும்ப அட்டை, ஆனா அது காட்டுறது பெரும்பாலும் அடுப்பை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் 'ஹவுஸ்ஹோல்டு'ங்கிறது பொதுவான சமையலறையில் சாப்பிடுறவங்கதான், ரத்த உறவு கட்டாயமில்ல. 'குடும்பத் தலைவர்'னா அப்பான்னும் அர்த்தமில்ல. 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, ரேஷன் கார்டு விஷயத்தில் 18 வயசுக்கு மேற்பட்ட மூத்த பெண்தான் தலைவி. அதனால கார்டை மொழிபெயர்க்கும்போது உள்ளதை உள்ளபடி எழுதுங்க, நீங்களா உறவு சேர்க்காதீங்க. யார் யாருக்குப் பிறந்தாங்கன்னு காட்ட பிறப்புச் சான்றிதழ் தனியா வைங்க.

சோலூர் நண்பரே, கூடப்பிறந்தவங்க பட்டியல்ல உங்களுக்கு ஒரு அண்ணன்தான். டொரன்டோ அண்ணனைப் பத்தி வேற எங்கயாவது கேட்டா, அந்த நீளமான பாதையை எழுதுங்க. 15 புள்ளியை மறந்துட்டு ஐஈஎல்டிஎஸ் மறுபடி எழுத முடியுமான்னு பாருங்க.