பழைய பாட்டுக்குப் புது மெருகு: காசு கொடுக்குமுன் ஒரு நிமிடம்

பிரிக்பீல்ட்ஸ் கடைகளிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் கேசட் வாங்கிப் பாட்டுக் கேட்டவர்கள் நம்மில் பலர். அதே பழைய இசை இப்போது ‘ரீமாஸ்டர்’, ‘லாஸ்லெஸ்’ என்ற முத்திரைகளோடு மறுபடியும் விற்பனைக்கு வருகிறது. இரண்டும் ஒன்றா? இல்லை.

லாஸ்லெஸ் என்பது சேமிக்கும் முறை. குறுவட்டில் ஒலி விநாடிக்கு 44,100 முறை அளக்கப்பட்டு, விநாடிக்குச் சுமார் 1,411 கிலோபிட் தகவலாகப் பதிவாகிறது. 128 கிலோபிட் எம்பி3 கோப்பில் இருப்பது அதில் பதினொன்றில் ஒரு பங்குதான். காது கவனிக்காது என்று கணித்த ஒலிகளை அது கழித்துவிடுகிறது. லாஸ்லெஸ் கோப்போ சேலையை மடித்துப் பெட்டியில் வைப்பது போல. பிரித்தால் ஒரு நூலும் குறையாது.

ரீமாஸ்டர் என்பது மெருகேற்றும் வேலை. எல்லாக் கருவிகளையும் கலந்து முடித்த மூல நாடாவை எடுத்து, அதன் மொத்த ஒலியையும் சீர்படுத்துகிறார்கள். ஒரு கருவியை மட்டும் தனியே உயர்த்த வேண்டுமென்றால் மறுபடியும் கலக்க வேண்டும். அது ரீமிக்ஸ்.

இதற்கு நல்ல உதாரணம் மெட்டாலிகா. 2013-இல் கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் வாசித்த அதே ஹெவி மெட்டல் குழுதான். அவர்களின் 1988 ஆல்பமான ‘அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்’-இல் ஜேசன் நியூஸ்டெட்டின் பேஸ் கிட்டார் கேட்கவே இல்லை என்பது ரசிகர்களின் நெடுநாள் குறை. 2018 நவம்பரில் ரீமாஸ்டர் பதிப்பு வந்தது. அதிலும் பேஸ் உயரவில்லை. அந்த ஆல்பம் அதன் காலத்தின் பதிவு, அதைத் திருத்த வேண்டாம் என்பது குழுவின் முடிவு.

இன்னொரு எச்சரிக்கை. சில ரீமாஸ்டர்களில் சத்தத்தை மட்டும் கூட்டிவிடுகிறார்கள். மெல்லிய இடத்துக்கும் ஓங்கிய இடத்துக்கும் உள்ள வித்தியாசம் நசுங்கிப்போகிறது. பழையதையும் புதியதையும் ஒரே ஒலியளவில் வைத்துக் கேட்டுப் பாருங்கள். அப்போது உண்மை தெரியும்.

தேய்ந்த கேசட்டை லாஸ்லெஸ் ஆக்கினால் இரைச்சலும் குறையாமல்தான் வரும். ஆகவே மூலம்தான் முக்கியம். 2007-இல் மறைந்த ‘எலிகேட்ஸ்’ லோகநாதனின் குரல் இன்று பதிவுகளில்தான் வாழ்கிறது. அவ்வளவு புகழ் பெறாத நம் உள்ளூர்க் குழுக்களின் நாடாக்கள் எத்தனை அலமாரிகளில் கிடக்கின்றனவோ! நம் நாட்டு ஈரப்பதத்தில் நாடாவில் பூஞ்சணம் பிடிக்கும். உங்கள் வீட்டில் அப்படி ஒன்று இருந்தால், விவரம் தெரிந்தவரிடம் கொடுத்து இப்போதே லாஸ்லெஸ் பிரதி எடுத்துவிடுங்கள். மெருகைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.