மென்பொருள் வேலைக்கு எடுக்கும் காலத்தை மதிப்பிடல்

முறைமை விருத்தி வாழ்க்கை வட்டத்தின் படிமுறைகளை நீங்கள் வரிசையாகச் சொல்வீர்கள். ஆனால் அவற்றை முடிக்க எத்தனை நாள் தேவை என வினவினால் பலர் தடுமாறுவர். செய்நிரலாளர் ஒருவரிடம் தொழிலில் அடிக்கடி கேட்கப்படும் வினா இதுவே. அவர் கூறும் நாளை நம்பித்தான் வாடிக்கையாளருக்கு வாக்குக் கொடுக்கப்படுகின்றது, விலையும் தீர்மானிக்கப்படுகின்றது.

இம்மதிப்பீடுகள் பெரும்பாலும் குறைவாகவே அமைகின்றன. ஏன்? குறிமுறை எழுதும் நேரத்தை மட்டும் எண்ணுவது முதற் காரணம். ஐபிஎம் நிறுவனத்தில் ஓஎஸ்/360 பணிசெயல் முறைமையின் விருத்தியை வழிநடத்திய பிரெட் புரூக்ஸ், 1975 இல் வெளியிட்ட நூலில் தமது அனுபவ விதியொன்றைத் தந்துள்ளார். மொத்தக் காலத்தில் 1/3 திட்டமிடலுக்கு, 1/6 குறிமுறையாக்கத்துக்கு, எஞ்சிய 1/2 சோதித்தலுக்கு. இதன்படி, குறிமுறை எழுத 2 நாள் போதும் எனத் தோன்றும் வேலை முடிய 12 நாள் செல்லும்! எல்லா வேலைக்கும் இது அப்படியே பொருந்தாது. ஆயினும் சோதித்தலை மறப்பவருக்கு நல்ல பாடம்.

இரண்டாவது காரணம் நமது மனம். 1994 இல் வெளியான ஆய்வொன்றில், ஆய்வுக்கட்டுரை எழுதிக்கொண்டிருந்த பல்கலைக்கழக மாணவர்கள் அதனை முடிக்கச் சராசரியாக ஏறத்தாழ 34 நாள் செல்லும் என மதிப்பிட்டனர். எல்லாமே மோசமாக நடந்தாற்கூட ஏறத்தாழ 49 நாள் என்றனர். உண்மையில் சென்றதோ 55 நாளுக்கு மேல். உங்கள் பரீட்சைக்கால நேரசூசியை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்!

ஆகவே ஒரே எண்ணைக் கூறாது மூன்று எண்களைக் கூறுவது நன்று. 1958 இல் அமெரிக்கக் கடற்படையின் பொலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக உருவாக்கப்பட்ட ‘பேர்ட்’ முறையில் பின்வரும் சூத்திரம் பயன்படுகின்றது.

எதிர்பார்க்கும் காலம் = (அ + 4ஆ + இ) ÷ 6

இங்கு அ என்பது எல்லாம் நன்றாக நடந்தால் எடுக்கும் காலம். ஆ பெரும்பாலும் எடுக்கக்கூடிய காலம். இ தடைகள் பல நேர்ந்தால் எடுக்கும் காலம்.

பாடசாலை நூலகத்துக்கான செய்நிரலொன்றில் தாமதக் கட்டணத்தைக் கணிக்கும் பகுதியைக் கருதுக. சோதித்தலும் அடங்கலாக அ = 2, ஆ = 4, இ = 12 நாட்கள் எனின்,

(2 + 16 + 12) ÷ 6 = 5 நாட்கள்.

விடை 4 அன்று, 5 என்பதைக் கவனிக்க. அதிர்ஷ்டம் இருந்தால் 2 நாள் மிஞ்சும்; இல்லாவிடின் 8 நாள் இழக்க நேரும். விடுமுறை நாளுக்கும் கட்டணம் உண்டா? புத்தகம் தொலைந்தால் என்ன செய்வது? நூலகரிடம் முன்னரே கேட்காத இத்தகைய வினாக்களே அந்த 8 நாளையும் விழுங்குவன. எனவே முதலில் வேலையைச் சிறு பகுதிகளாகப் பிரியுங்கள். முன்னர் செய்த இதையொத்த வேலைக்கு உண்மையில் எடுத்த நாட்களை எழுதி வைத்திருந்தால், ஊகத்தைவிட அதனையே நம்புங்கள்.

மாணவர்கள் பலர் புள்ளிகளை இழப்பது அடுத்த இடத்திலாகும். 5 நாள் வேலை என்பது 5 நாளில் முடியும் என்பதன்று. கூட்டங்கள், பழைய வழுக்களைத் திருத்தல் என்பவற்றால் நாளின் அரைவாசியே கிடைக்குமாயின் 10 வேலைநாட்கள் செல்லும். பிந்திய வேலைக்கு ஆட்களைச் சேர்த்தாலும் பெரிதும் உதவாது. புதியவர்களுக்கு விளக்கவே நேரம் போய்விடும். அவ்வாறு சேர்த்தால் வேலை மேலும் பிந்தும் என்பதே புரூக்ஸின் விதி.

பயிற்சி: அ = 3, ஆ = 5, இ = 13 நாட்கள். நாளில் அரைவாசி நேரமே கிடைக்கும். வாரத்தில் 5 வேலைநாட்கள். திங்கட்கிழமை தொடங்கினால் வேலை எப்போது முடியும்?

விடை: (3 + 20 + 13) ÷ 6 = 6 நாள் வேலை; 12 வேலைநாட்கள்; மூன்றாம் வாரச் செவ்வாய்க்கிழமை.