நாணேற்றம் – 9: பலாவுக்குப் பங்காளி

போன வாரம் இஷியின் கதையை முடித்தோம். 1911-ல் கலிஃபோர்னியாவின் ஓரோவில் ஊரில் தன்னந்தனியாக வந்து நின்ற யாஹி மனிதர், அவரிடம் வில் செய்யக் கற்றுக்கொண்ட டாக்டர் சாக்ஸ்டன் போப். தவறவிட்டவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளுங்கள். வில்லை வளைத்து வளைத்துப் பார்த்துச் சீவும் வேலையை இந்த வாரம் சொல்வதாக வாக்குக் கொடுத்திருந்தேன். புதன் மாலைக்குள் கட்டுரை போய்ச் சேர வேண்டும். ஆனால் செவ்வாய் இரவு வரை நான் ஒரு மரத்தின் ரேஷன் கார்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

அந்த மரம் ஓசேஜ் ஆரஞ்சு. இஷி விரும்பியது ஜூனிபர், அது ஊசியிலைச் சாதி. கெட்டி மரத்தில் குட்டை வில் என்று கேட்டால் அமெரிக்காவில் வில் செய்பவர்கள் முதலில் கைகாட்டுவது இந்த ஓசேஜ் ஆரஞ்சைத்தான். டெக்சாஸ், ஓக்லஹோமா, ஆர்கன்சாஸ் மூன்றும் உரசிக்கொள்ளும் ரெட் ரிவர் பகுதிதான் அதன் பிறந்த மண். பிரெஞ்சு வியாபாரிகள் அதற்கு வில் மரம் என்றே பெயர் வைத்தார்கள், 'புவா தார்க்' என்று. அது வாயில் நுழையாத ஆங்கிலக் குடியேறிகள் 'போடார்க்' ஆக்கிவிட்டார்கள்.

பெயரில் ஆரஞ்சு இருக்கிறதே தவிர, எலுமிச்சைக்கும் கிச்சிலிக்கும் இது ஒட்டுமில்லை உறவுமில்லை. இதன் குடும்பம் எது தெரியுமா? ஆல், அரசு, அத்தி, முசுக்கொட்டை, நம் பலா. சாட்சாத் பலாவுக்குப் பங்காளி! படத்தைப் பார்த்தபோதே சந்தேகப்பட்டேன். பச்சை உருண்டை, மேலெல்லாம் புடைப்பு, கீறினால் வெள்ளைப் பால் பிசுபிசுவென்று கையில் ஒட்டுகிறது. பலாப்பழம் உரிக்க உள்ளங்கையில் எண்ணெய் தடவிக்கொள்ளும் எந்தப் பாட்டியும் இதை ஒரே பார்வையில் அடையாளம் சொல்லிவிடுவார். சுளை மட்டும் கிடையாது. அணில்கள் பிய்த்துப் போட்டு விதையைத் தின்கின்றன. மனிதருக்கு அந்தப் பழத்தால் பெரிய பிரயோஜனமில்லை.

மரத்துக்குள்ளும் அதே ஜாடை. பலாவின் வைரத்தை வேகவைத்துத்தான் தென்கிழக்கு ஆசியாவில் புத்த பிக்குகளின் சீவர ஆடைக்குச் சாயமேற்றினார்கள். ஓசேஜ் ஆரஞ்சின் வைரமும் அப்படியொரு மஞ்சள். முதல் உலகப் போரில் அமெரிக்கச் சிப்பாய்களின் காக்கி உடைக்கு அதிலிருந்து சாயம் எடுத்தார்கள். இரண்டிலும் இருக்கும் மஞ்சள் பொருட்களில் ஒன்று மோரின். ஒரே சாயம் இங்கே துறவிக்கும் அங்கே சிப்பாய்க்கும் போயிருக்கிறது. இதை நினைத்துக்கொண்டே ஒரு நாள் முழுக்க வேலை ஓடவில்லை.

இப்போது வில்லுக்கு வருகிறேன். குதிரை மேலிருந்து பைசன் எருமையை நெருங்கி எய்கிறவருக்கு ஆளுயர வில் தொந்தரவு. இடம் வலம் மாற்றும்போது குதிரையின் கழுத்தில் இடிக்கும். மூன்றரை, நான்கு அடி போதும். ஆனால் வில் குட்டையாக ஆக, ஒவ்வொரு அங்குலமும் அதிகமாக வளைய வேண்டியிருக்கிறது. சாதா மரம் படக்கென்று போய்விடும். அதனால்தான் இதற்கு அவ்வளவு கிராக்கி. 1811-ல் மிசௌரி ஆற்றோடு மேலே போன தாவரவியலாளர் ஜான் பிராட்பரி, அரிகாரா மக்களிடம் இந்த மரத்து வில் ஒன்றின் விலை ஒரு குதிரையும் ஒரு கம்பளியும் என்று எழுதி வைத்திருக்கிறார். அரிகாரா ஊர்கள் ரெட் ரிவரிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் வடக்கே இருந்தவை.

வில்லின் முதுகு என்றால் எய்கிறவரைப் பார்க்காத பக்கம். வளையும்போது இழுபடுவது அந்தப் பக்கம்தான், பிய்வதும் பெரும்பாலும் அங்கேதான். ஆகவே முதுகு முழுவதும், இந்த நுனியிலிருந்து அந்த நுனி வரை, ஒரே ஆண்டு வளையமாக இருக்க வேண்டும். ஆப்பு அடித்துப் பிளந்த கட்டையில் பட்டையையும் வெள்ளையையும் சீவி எறிந்துவிட்டு, இரண்டு முனையிலும் பிடி வைத்த கத்தியைத் தன் பக்கம் இழுத்து இழுத்து ஒவ்வொரு வளையமாக இறங்குவார்கள். ஒவ்வோர் ஆண்டின் வளர்ச்சியிலும் இரண்டு பாகம் உண்டு. வசந்தத்தில் வளர்ந்தது துளைத்துளையாக இருக்கும், கத்தி பட்டால் அப்பளம் மாதிரி நொறுங்கும். கோடையில் வளர்ந்தது கெட்டி, அங்கே கத்தி வழுக்கிக்கொண்டு போகும். கண்ணை மூடிக்கொண்டு காதாலேயே வளையத்தைப் பின்தொடரலாம் என்கிறார்கள். நொறுங்கும் சத்தம் நின்ற இடத்தில் கையும் நிற்க வேண்டும். கணு வந்தால் வளையம் அதைச் சுற்றி மேடாக எழும். கத்தியும் அந்த மேட்டில் ஏறி இறங்க வேண்டும், நேராக வெட்டிக்கொண்டு போகக் கூடாது.

நான் வெட்டிக்கொண்டு போனேன். பங்காளி உறவு தெரிந்த உற்சாகத்தில் எங்கள் தெரு ஆசாரியிடம் போய் நாலடிப் பலாக்கட்டை கேட்டேன். "வீணைக்குக் குடுத்திருக்கேன், மிருதங்கத்துக்குக் குடுத்திருக்கேன். வில்லுக்கா? இது அதுக்கு ஆகாது சார்" என்றார். ஆனாலும் கொடுத்தார். மஞ்சள் சீவல் வராண்டா முழுக்கப் பறந்தது. வளையம் என் கண்ணுக்குப் பிடிபடவே இல்லை. சின்னக் கணு ஒன்று குறுக்கிட்டது, சமமாக இருக்கட்டுமே என்று அதன் தலையைச் சீவினேன். நாணைப் பாதி இழுப்பதற்குள் டப். உடைந்த இடத்தில் நார்கள் சாய்வாகப் பிரிந்து, அந்தக் கணுவின் பக்கத்திலிருந்தே தொடங்கியிருந்தன. ஆசாரி வந்து பார்த்தார். கணுவை விரலால் ஒரு தட்டுத் தட்டினார். ஒன்றும் சொல்லவில்லை.

ஓசேஜ் ஆரஞ்சுக்கு முள் உண்டு. முள்கம்பி வருவதற்கு முன் அமெரிக்க விவசாயிகள் அதை நெருக்கி நட்டு வேலியாக்கினார்கள். 1874-ல் ஜோசப் கிளிடன் முள்கம்பிக்குக் காப்புரிமை வாங்கியதும் உயிர்வேலிக்கு வேலை போயிற்று. ஆனால் அந்தக் கம்பியை அடிக்க மக்கிப் போகாத கம்பம் வேண்டுமே? இதே மரத்தைத்தான் வெட்டினார்கள். இதற்கே தனியாக ஒரு வாரம் வேண்டும், ஆசிரியர் சம்மதிக்க மாட்டார்.

வளைத்துச் சீவும் வேலை அடுத்த வாரம், இந்த முறை நிச்சயம். வேறு கட்டை தருவதாக ஆசாரி சொல்லியிருக்கிறார், என்ன மரம் என்று சொல்ல மறுக்கிறார். உடைந்த பலாத்துண்டுகளில் ஒன்று மேசை மேல் இருக்கிறது, மஞ்சள் மெல்லப் பழுப்பேறிக்கொண்டிருக்கிறது. இன்னொன்றை அம்மா மொட்டை மாடிக்கு எடுத்துப் போய்விட்டார், வடாம் காய்கிற இடத்தில் காக்கை விரட்ட.

(தொடரும்)