மூன்றாம் வகுப்பைத் தவற விடாதீர்கள்!

காட்டுப்பாக்கம், குமணன்சாவடி, ஐயப்பன்தாங்கல் பக்கம் எந்தப் பள்ளியின் பெற்றோர் கூட்டத்துக்குப் போனாலும், யாராவது ஓர் அம்மாவுக்கு இந்தப் பதில் கிடைக்கும்: “கேட்டா டக்குனு பதில் சொல்றான் மேடம். எழுதச் சொன்னாதான் வர மாட்டேங்குது. விளையாட்டுப் புத்தி... வீட்டுல உட்கார வெச்சுப் படிக்க வைங்க.”

வீட்டுக்கு வந்ததும் என்ன நடக்கும்? டியூஷன் மாறும், டி.வி கட் ஆகும், முதுகில் நாலு அடி விழும். ‘சோம்பேறி’, ‘மக்கு’ என்ற பட்டங்களும் ஒட்டிக்கொள்ளும். பிள்ளைக்கு வாசிப்பதில்தான் சிக்கல் என்பது யாருக்கும் தோன்றாது.

பக்கத்துப் பூந்தமல்லியில் பார்வையற்றோருக்கான அரசுப் பள்ளி பல தலைமுறைகளாக இயங்குகிறது. வெளியே தெரியும் குறைபாடு இந்த ஊருக்குப் புதிதல்ல. வெளியே தெரியாததுதான் தப்பிவிடுகிறது. 1995-ம் ஆண்டுச் சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகளே இருந்தன. 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் அதை 21 ஆக்கியது. ஆட்டிசமும், டிஸ்லெக்ஸியா போன்ற கற்றல் குறைபாடும் அப்போதுதான் பட்டியலில் வந்தன.

எதைக் கவனிக்க வேண்டும்?

ல, ள, ழ குழப்பம் எல்லாக் குழந்தைகளுக்கும் வரும். பயப்பட வேண்டாம். ஆனால், இரண்டு வருடம் படித்த பிறகும் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறதா? கொம்பும் துணைக்காலும் தொடர்ந்து விடுபடுகின்றனவா? பலகையைப் பார்த்து எழுதும்போது வரி தவறுகிறதா? வாயால் சொல்லும் பதிலைத் தாளில் எழுத முடியவில்லையா? அப்படியானால் முதலில் கண், காது இரண்டையும் பரிசோதித்துவிடுங்கள். சில நேரம் ஒரு கண்ணாடியிலேயே பிரச்னை தீர்ந்துவிடும்.

பள்ளியின் கடமை என்ன?

மூன்றாம் வகுப்பில் அல்லது 8 வயதில், எது முந்தியதோ அப்போது, ஆசிரியர்கள் எல்லாக் குழந்தைகளிடமும் கற்றல் குறைபாட்டுக்கான முதற்கட்டச் சோதனை செய்ய வேண்டும் என்றது 2018-ல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல். இது அரசுப் பள்ளி, தனியார் பள்ளி இரண்டுக்கும் பொருந்தும். சந்தேகம் இருந்தால் குழந்தைகள் மருத்துவர், உளவியலாளர் என அடுத்த கட்டத்துக்கு அனுப்ப வேண்டும்.

தமிழக அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கு இதற்காகவே 2022-ல் ‘நலம் நாடி’ செயலி வந்தது. ஆசிரியர் அதில் பதிவு செய்தால், வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர் குழந்தையைப் பார்ப்பார். மருத்துவ முகாம், உபகரணங்கள், பிசியோதெரபி, பள்ளிக்கு வர முடியாத பிள்ளைக்கு வீட்டிலேயே பயிற்சி ஆகியவை ‘சமக்ர சிக்‌ஷா’ திட்டத்தில் உண்டு. கட்டணம் கிடையாது.

வகுப்பறையில் செய்ய வேண்டியவையோ மிக எளிமையானவை. முன் வரிசையில் இடம், கேள்வியை வாசித்துக் காட்டுவது, வாய்மொழியாகப் பதில் கேட்பது, கூடுதல் நேரம், எல்லார் முன்னாலும் சத்தமாக வாசிக்கச் சொல்லாமல் இருப்பது. இவற்றுக்குத் தனிக் கட்டடம் எதுவும் வேண்டியதில்லை.

“வேற ஸ்கூல் பாருங்க” என்றால்?

பல பெற்றோர் வாய் திறக்காததற்குக் காரணமே இந்தப் பயம்தான். ஆனால், அரசு அங்கீகாரம் பெற்ற எந்தப் பள்ளியும் பாகுபாடின்றிச் சேர்க்க வேண்டும், கற்றல் குறைபாட்டைச் சீக்கிரம் கண்டறிய வேண்டும் என்பது 2016 சட்டத்தின் 16-வது பிரிவு. கோரிக்கையை வாயால் சொல்லாமல் எழுதிக் கொடுங்கள், நகலில் கையெழுத்து வாங்குங்கள். பதில் இல்லையென்றால், பள்ளிக் கல்வித் துறையின் 14417 உதவி எண் இருக்கிறது.

பத்தாம் வகுப்பில் போய்ச் சான்றிதழுக்கு அலையும் குடும்பங்கள் நிறைய. கூடுதல் ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாடத்தில் விலக்கு எனப் பொதுத்தேர்வுச் சலுகைகள் கிடைக்கும். அவை தேவைதான். ஆனால், சலுகை பரீட்சையைத் தாண்ட வைக்கும், வாசிக்கக் கற்றுத் தராது. மூன்றாம் வகுப்பிலேயே தெரிந்தால், அந்தப் பிள்ளைக்கு வேறு முறையில் வாசிக்கவே கற்றுக்கொடுக்கலாம். ஏழு வருடத் திட்டும் அடியும் மிச்சமாகும்.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மார்க் ஷீட்டை வாங்கியதும் கிளம்பிவிடாதீர்கள். ஒரு நிமிடம் நின்று கேளுங்கள்: “மிஸ், இவன் எப்படி வாசிக்கிறான்?”